மூன்றாவது வார்த்தை

கூட வந்திருப்பது யார் என்று டாக்டர் கேட்டபோது செல்லசாமி, பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு ஒரு சாண் மேலே, யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான புதிதில் ஒருவன் தன் பெண்டாட்டியைக் கண்டால் சிரிக்கிற சிரிப்பு அது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

"அது வீரம்மா. என் பொஞ்சாதி," என்றார். பிறகு கட்டைவிரலால் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார். "இது அவ தங்கச்சி அம்மாக்கண்ணு. எனக்குக் கொழுந்தியா."

ஆஸ்பத்திரியின் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஞாபகமறதிக்காரர்களைப் பார்க்க மாதம் ஒரு முறை வரும் டாக்டர் குணபூசணி, யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயது. கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். மனைவி பெயர் வீரம்மா என்றுதான் அதில் இருந்தது. அவள் முகம் இளகியது.

"மனசில எடுக்காதேங்கோ அம்மா. இந்த மறதி வருத்தம் வந்தா கிட்ட இருக்கிற ஆக்களைத்தான் முதல்ல மாத்திச் சொல்லுவினம்."

பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் ஒன்றுமில்லை. அவர் சொன்னது உண்மை. அவள் அம்மாக்கண்ணுதான்.

தோட்டத்துச் சனத்தை ஆள் ஆளாகப் பிரித்து, சிலரை இந்தியாவுக்கு என்றும் சிலரை இங்கே இலங்கைக்கு என்றும் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அப்பா, அம்மா, அம்மாக்கண்ணு மூவருக்கும் இந்தியா என்று வந்தது. செல்லசாமியைக் கட்டியிருந்த அக்கா வீரம்மாவுக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. கப்பலுக்கு நாள் குறித்த பிறகு அக்கா காய்ச்சலில் விழுந்தாள். அடைமழையில், யாருக்கும் சொல்லாமல், அப்பாவும் செல்லசாமியும் அம்மாக்கண்ணுவும் அவளைத் தேயிலைக்குள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தப்பு அடிக்கவில்லை, கருமாதி வைக்கவில்லை, சாவைப் பதியவும் இல்லை. பதிந்தால் பேர் வெட்டுப்படும். பேர் இருந்தால் அந்தப் பேரில் ஒருத்தி இங்கே இருக்கலாம், கொழுந்து பறிக்கலாம். அப்பாவும் அம்மாவும் கப்பலைப் பிடிக்க நானுஓயாவில் ரயில் ஏறினார்கள். அம்மாக்கண்ணுவும் போய்விட்டாள் என்று கேட்டவர்களிடம் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே செல்லசாமி, வீரம்மா என்ற பேரோடு அவளைக் கூட்டிக்கொண்டு, தங்கள் முகம் தெரியாத இன்னொரு தோட்டத்துக்கு மாறிவிட்டார். அன்றிலிருந்து அவள்தான் வீரம்மா. பெற்ற மகன் நிரஞ்சனுக்கே தெரியாது.

பேர் பொய் என்றால் அடையாள அட்டை பொய். மகனுடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தாய் பொய். அதெல்லாம்கூடப் போகட்டும். பொலிஸ் வந்தால், அசல் வீரம்மா எங்கே என்று கேட்பார்கள். எந்த இடம் என்று கேட்பார்கள். தோண்டுவார்கள்.

டாக்டர் தொடர்ந்து கேட்டாள். இன்று என்ன கிழமை, என்ன மாதம், எந்த ஊர். சனாதிபதி யார் என்று கேட்டபோது, "யாரு வந்தா என்னாங்க, தேங்கா வெல எறங்கவா போகுது?" என்றார் செல்லசாமி. மூன்று வார்த்தைகள் சொல்லி ஞாபகம் வைத்திருக்கச் சொன்னாள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். முள் இல்லாத வட்டம் ஒன்று வந்தது. மூன்று வார்த்தைகளில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

அம்மாக்கண்ணுவுக்கு மூச்சு லேசாகியது. இவர் புத்தி பிசகியவர் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு இவர் எதைச் சொன்னாலும் அது நோய்.

ஆனால் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இது ஒரு சல்லடை மாதிரி, இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது என்றாள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவருக்குப் புள்ளி குறைவாகத்தான் வரும். காது மந்தமாக இருந்தாலும், மனம் சோர்ந்திருந்தாலும், இரத்தத்தில் ஏதாவது குறைந்திருந்தாலும் இப்படி வரலாம். இரத்தம் எடுத்துப் பார்த்து, அடுத்த மாதம் திரும்பவும் கேட்டுப் பார்ப்போம்.

"சில நேரம் நல்லாவே செய்வினம் அம்மா. பயப்பிடாதேங்கோ."

நல்லாவே செய்வினம் என்ற அந்த வார்த்தைதான் தலவாக்கலை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளைக் குடைந்தது.

*

மருமகள் பிரேமினி விடிந்ததும் கொழுந்துக்குப் போய்விடுவாள். மகன் கொழும்பில் கடை வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் பகல் முழுக்க அவளும் அவரும்தான். அவருக்குக் கண்ணில் புகை படர்ந்திருந்தது. வெளியே போவதில்லை. அவர் அறிகிற உலகம் அவள் சொல்கிற உலகம்தான்.

அதனால் அவள் அதை மாற்றத் தொடங்கினாள்.

நாள்காட்டியில் ஒரு தாளுக்குப் பதில் மூன்று தாள் கிழித்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நகர்த்திவைத்தாள். தேயிலைச் சாயத் தண்ணியைக் கையில் கொடுத்து, இன்று வெள்ளிக்கிழமை, கோயிலில் பூசை என்று சொன்னாள். மறுநாளும் வெள்ளிக்கிழமை என்றாள். ஒரு மனிதனை இப்படிக் குழப்புவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு நாள் காலையில், வெள்ளிக்கிழமை என்று அவள் சொன்னதும், அவர் கோப்பையை வாயருகே நிறுத்திக்கொண்டு குசினிப் பக்கம் தலையைச் சாய்த்தார். தூரத்தில் பேசுவதைக் காது மந்தமானவர் கேட்பது போல, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பொறுமையாக. குசினியில் யாரும் இல்லை. அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பீப்பாயின் மூடி ஒரு தடவை மெல்ல எழும்பி உட்கார்ந்தது போல ஒரு சத்தம்.

"இல்ல. செவ்வாக்கெழம," என்றார். "வீரம்மா சொல்றா."

அன்று செவ்வாய்க்கிழமைதான்.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். பீப்பாயின் மூடி மூடித்தான் இருந்தது. புகை வெளியே போக முடியாமல் கூரைக்கடியில் தங்கி நின்றது. புகையின் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் இருந்தது. புதுக் கன்று நட வெட்டிய குழியில் மழை விழுந்ததும் கிளம்புகிற, குளிர்ந்த, இனிப்பான மண் வாசம். மலையில் அந்தப் பருவத்தில் யாரும் குழி வெட்டவில்லை.

அதன் பிறகு அது நாள்தோறும் நடந்தது. அவள் பொய் சொல்வாள். அவர் தலையைச் சாய்ப்பார். காத்திருப்பார். பிறகு சரியானதைச் சொல்வார். பகலில் மேகம் இறங்கி முன் வாசல் இஸ்தோப்பு வரை வந்து நிற்கும்போது, குசினித் திரைக்குப் பின்னால் ஒருத்தி ஈரச் சேலையோடு கால் மாற்றி நிற்பதைப் போல, துணி காலில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கும். அவள் திரும்பினால் நிற்கும்.

"நீ ஏன் பொய் சொல்ற அம்மாக்கண்ணு?" என்று ஒரு மத்தியானம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. "ஒங்கக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கா."

அந்தப் பெயரை யாரும் தன்னைப் பார்த்துச் சொல்லாமலே அவள் ஒரு முழு வாழ்க்கையைக் கழித்துவிட்டாள். அது காதில் விழுந்தபோது, யாரோ கூட்டத்தில் முடியைப் பிடித்துத் திருப்பியது போல இருந்தது. அவள் குசினிப் பக்கம் பார்த்து, போ, போய்விடு என்று கத்தினாள். கத்தி முடித்தபோது வாசலில் பிரேமினி நின்றிருந்தாள். மழையால் வேலை பாதியில் நின்று, தலையில் மழைக்குப் போட்ட படங்குச் சாக்கோடு வந்திருந்தாள்.

"யார அத்த போகச் சொல்றீங்க?"

"பூன."

பிரேமினி குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "காலண்டர யாரு இப்புடித் திங்கிறது? இன்னும் வராத கெழமையெல்லாம் காணோம். அது போகட்டும், மணி எத்தனன்னு நெனக்கிறீங்க? இந்தக் கடிகாரத்துல ராத்திரியாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

*

அடுத்த கிளினிக்குக்குப் பிரேமினியும் வருவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

செல்லசாமி இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழமை சரி. மாதம் சரி. எந்த ஆஸ்பத்திரி என்பதும் சரி. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது நல்ல காதைத் திருப்புகிறார் என்று நினைத்திருக்கலாம். அம்மாக்கண்ணு கவனித்தாள். அவருடைய இடது பக்கம் அவள் இருந்தாள். அவர் தலையைச் சாய்த்தது அவளுக்கும் அவருக்கும் நடுவே இருந்த கையகல இடைவெளிக்கு.

அந்த இடைவெளி குளிர்ந்து கிடந்தது. அவளுடைய வலது கை மயிர் எழுந்து நின்றது.

"நான் முதல்ல சொன்ன மூண்டு சொல்லும் ஞாபகம் இருக்கே ஐயா?"

"குட," என்றார். காத்திருந்தார். "மல்லிகப்பூ." காத்திருந்தார். யாரோ ஊட்டுகிற கவளத்துக்குக் காத்திருப்பவர் போல. "ரயிலு."

டாக்டருக்குச் சந்தோஷம். இரத்தத்தில் ஒரு சத்துக் குறைந்திருந்ததற்குப் போட்ட ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றாள். இப்போதைக்கு மறதி நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை, சொல்வதெல்லாம் தெளிவாக இருக்கிறது.

தெளிவாக இருக்கிறது. அப்படியானால் இனி இவர் சொல்வது சொல்லாகும்.

அப்போது பிரேமினி நாற்காலியை முன்னால் இழுத்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா நன்றாகத்தான் இருக்கிறார், அத்தைதான் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி என்றாள். நாள்காட்டியைக் கிழிக்கிறார். கிழமையை மாற்றிச் சொல்கிறார். கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறார். ஆளில்லாத குசினியைப் பார்த்துத் திட்டுகிறார்.

"அவங்களையும் ஒருக்கா கேட்டுப் பாருங்க டாக்டர். வீட்டுல நெருப்பு இருக்கு, நான் மலையில இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

அம்மாக்கண்ணு வாய் திறந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்பதைச் சொல்ல முடியாது.

டாக்டர் அவளுடைய கையைப் பிடித்தாள். பயந்திருக்கும்போது கேட்டால் சரியாக வராது, அடுத்த வாரம் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரும்போது வீட்டிலேயே வந்து பார்க்கிறேன் என்றாள்.

*

டாக்டர் வந்தபோது மேகம் லயத்தை மூடியிருந்தது. ஜீப் கீழே ரோட்டில் நின்றது. பிரேமினி மலையில் இருந்தாள். டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் படும் அளவுக்குக் கிட்ட உட்கார்ந்தாள். மூலையில், கட்டிலில் செல்லசாமி.

"உங்கட பெயர் என்ன அம்மா?"

"வீரம்மாங்க."

மூலையில் செல்லசாமி சின்னதாகச் சிரித்தார்.

"இண்டைக்கு என்ன நாள்?"

அவள் சுவரைப் பார்த்தாள். அவள் கிழித்த நாள்காட்டி. பிரேமினி திரும்ப ஒட்டினாளா, இல்லையா. கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் நகர்த்திய முள். எவ்வளவு நகர்த்தினாள்? பொய் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது நடந்தது, எதை அவள் உண்டாக்கினாள் என்று தெரியாமல் கிடந்தன. தலையைச் சாய்த்தால் யாராவது சொல்லுவார்களா என்று ஒரு கணம் நினைத்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"வெள்ளிங்களா?"

டாக்டர் கையிலிருந்த தாளில் எதையோ குறித்தாள். மூன்று சொற்கள் சொன்னாள். கதவு, எலுமிச்சை, தொப்பி. அவள் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி வைத்தாள். அப்போது குசினியில் அந்தச் சத்தம். ஈரத்துணி. பிரிந்து, ஒட்டி, பிரிந்து. டாக்டர் திரும்பக் கேட்டபோது அவளிடம் கதவு மட்டும் இருந்தது.

"பரவாயில்லை. இது மட்டும் காணாது. உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒராளிட்டயும் கேக்கோணும். முந்தி எப்பிடி இருந்தனீங்கள், இப்ப என்ன மாறியிருக்கு எண்டு. வீட்டில ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லைங்க. மருமக மலைக்குப் போயிருச்சு."

டாக்டர் புன்னகைத்தாள். உள்ளே ஆள் இருப்பதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிற புன்னகை. எழுந்து, திரையை விலக்கி, புகை மூடிய இருட்டுக் குசினிக்குள் போனாள்.

சுவர் வழியாகப் பேச்சு கேட்டது. டாக்டரின் குரல். ஒரு கேள்வி. இடைவெளி. பிறகு இன்னொரு குரல். தாழ்ந்த, கரகரத்த, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். நீளமாகப் பேசியது. டாக்டர் ம், ம் என்றாள். அம்மாக்கண்ணு எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

டாக்டர் திரும்பி வந்தபோது மெதுவாகப் பேசினாள், சின்னப் பிள்ளையிடம் பேசுவது போல.

"அவ எல்லாம் விளங்கச் சொன்னவ. சின்னனில இருந்தே உங்களைத் தெரியுமாம்."

"யாருங்க?"

"பெயர் வீரம்மாவாம்." கொஞ்சம் தயங்கினாள். அவளுடைய முழங்காலில் கையை வைத்தாள். "அப்ப உங்கட சரியான பெயர் என்ன அம்மா? யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

அவள் யோசித்தாள். இரண்டு பெயரும் இருந்தன. இரண்டும் எட்டாத தூரத்தில் இருந்தன.

மருமகளோடு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இன்னும் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனாள். உள்ளே இருக்கிற அம்மா பார்த்துக்கொள்வாள் என்றாள். செருப்புச் சத்தம் படியிறங்கியது. ஜீப் கிளம்பியது. மேகம் அந்தச் சத்தத்தையும் மூடியது.

பிளாஸ்டிக் நாற்காலி அங்கேயே இருந்தது. அவளுக்கு எதிரே. காலியாக.

"வந்து ஒக்காரு வீரம்மா," என்றார் செல்லசாமி.

திரை விலகியது.

முதலில் கால். விரல்களுக்கு நடுவே சிவப்பு மண். மண்ணில் தேயிலை வேர், நூல் நூலாக. பிறகு சேலை, உடம்போடு ஒட்டி. தலைமுடி களிமண்ணில் படிந்து நெற்றியோடு ஒன்றாகியிருந்தது. வயது ஏறவில்லை. அன்று எந்த வயதோ அந்த வயது. மூடிய கண். இமையின் விளிம்பெல்லாம் மண்.

வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரைப் போலவே, முழங்கால் படும் அளவுக்குக் கிட்ட. கைகளை மடியில் வைத்தாள்.

"மூணு வார்த்த சொல்றேன். கேட்டு வச்சுக்க."

பேசும்போது உதட்டோரம் மண் உதிர்ந்தது.

"மழ."

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"மம்பட்டி."

மூன்றாவதையும் சொன்னாள். அம்மாக்கண்ணுவின் காது அதைக் கேட்டது. உடம்பு முழுக்கக் கேட்டது.

"இப்ப சொல்லு."

"மழ."

"ம்."

"மம்பட்டி."

"ம்."

மூன்றாவது.

மறக்கவில்லை. அது மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. அப்பா பார்க்கவில்லை. செல்லசாமி திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். குழிக்குக் கிட்ட நின்றவள் அவள் மட்டும்தான். அவளுக்கும் கப்பலுக்கு மூட்டை கட்டியாகியிருந்தது. ஒரு வார்த்தை போதும். அன்றும் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாக இருந்தது.

"அவசரமில்ல," என்றாள் அக்கா. "யோசிச்சு சொல்லு."

கட்டிலிலிருந்து செல்லசாமி, நல்ல காதைத் திருப்பி, காத்திருந்தார்.

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். எதிரே, ஈரச் சேலைக்கு அடியில், அக்காவின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மெதுவாக, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு. அன்று குழிக்குள் அம்மாக்கண்ணு முதல் மண்ணைத் தள்ளியபோது ஏறி இறங்கிய அதே அளவுக்கு.